அம்மாளு வகுப்பறைக்கு வரட்டும்

மாணவர்களுக்கு நல்லதை மட்டும் படிக்கக் கொடுங்கள் என்ற குரல் நம்மிடையே ஓங்கி ஒலிக்கிறது. கொலையும் வன்புணர்வும் தற்கொலையும் சாதிக் கொடுமையும் வீட்டுக்குள் நடக்கும் அக்கிரமமும் வரும் கதைகள் இளம் மனத்தைக் கெடுத்துவிடும், வளர்ந்த பிறகு வேண்டுமானால் அவர்களே தேடிப் படித்துக்கொள்ளட்டும், வகுப்பறைக்குள் வேண்டாம் என்பது அதன் சாரம். பெற்றோர் கூட்டங்களில் இது கவலையாக வெளிப்படுகிறது. பாடத்திட்டக் குழுக்களில் முடிவாகவே எழுதப்பட்டுவிடுகிறது. இப்படிப் பேசுகிறவர்களைக் கலையறியாதவர்கள் என்று ஒதுக்குவது நியாயமாகாது. பெரும்பாலோர் பிள்ளைகள்மேல் உள்ள அக்கறையில்தான் பேசுகிறார்கள். ஆனால் அந்த அக்கறை காவல் நிற்க வேண்டிய வாசலை விட்டு வேறு வாசலில் நிற்கிறது. இருண்ட கதையால் ஒரு மாணவருக்குக் கேடு வருமென்றால், அதைத் துண்டாகப் பார்ப்பதால்தான் பெரும்பாலும் வருகிறது. முழுதாக, பலரோடு சேர்ந்து, கேள்வி கேட்டுப் படிக்கும் வாய்ப்பு இருக்குமிடம் வகுப்பறை ஒன்றுதான். அங்கிருந்து கதையை வெளியேற்றினால் இருட்டு வெளியேறுவதில்லை. முழுக் கதை போய்விடுகிறது, துண்டுகள் மட்டும் மாணவர் கையில் தங்கிவிடுகின்றன.

தமிழ் மரபே தூய்மையானது, மேற்கத்தியத் தொடர்களும் நவீன எழுத்தும்தான் இருட்டைக் கொண்டுவந்தன என்ற நம்பிக்கை இந்த வாதத்துக்குப் பின்னணியாக இருக்கிறது. மரபைத் திறந்து பார்த்தால் அது நிற்காது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எண்ணும் எட்டு மெய்ப்பாடுகளில் அழுகை, இளிவரல், அச்சம், வெகுளி ஆகிய நான்கும் துன்பத்தின் பக்கம் நிற்பவை. இளிவரல் பிறக்கும் இடங்களாக முதுமையையும் நோயையும் சேர்த்தே அந்த நூல் சொல்கிறது. வெகுளி பிறக்கும் இடங்களில் உறுப்பைச் சிதைப்பதும் குடியைக் கெடுப்பதும் கொலையும் வருகின்றன. இலக்கியத்தின் வேலை எது என்று வகுத்தவர், மனிதருக்கு அருவருப்பும் நடுக்கமும் தரும் நிகழ்ச்சிகளைப் புறத்தே தள்ளவில்லை. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு கூழ் சமைக்கின்றன. பெரியபுராணத்தில் சிறுத்தொண்டரும் மனைவியும் பெற்ற பிள்ளையை அறுத்துக் கறி சமைக்கிறார்கள். கண்ணகி தன் மார்பைத் திருகி எறிந்து மதுரையை எரிக்கிறாள். இவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருக்கிறோம். சிறுத்தொண்டர் கதையில் அந்த ஒரு காட்சியை மட்டும் வெட்டி எடுத்தால் அது குழந்தைக் கொலை. முன்னும் பின்னும் சேர்த்துக் கேட்கும்போதுதான் பக்தி எவ்வளவு தூரம் கேட்கும், கேட்கலாமா என்ற கலக்கமான கேள்வி எழுகிறது. அந்தக் கேள்வி எழும்வரை கதையைச் சொல்லி முடிக்கும் பொறுமை நம் பாட்டிமார்களிடம் இருந்தது.

புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' இந்த விவாதத்துக்கு நல்ல உரைகல். ஒரு வரியில் சுருக்கினால்: அடிபட்டுக் கிடக்கும் கணவனுக்குப் பால்கஞ்சி வார்க்க மில் கூலியான அம்மாளு முக்கால் ரூபாய்க்குத் தன் உடலை விற்கிறாள். இப்படிச் சுருக்கிக் கேட்கும் பெற்றோர், என் பிள்ளைக்கு இது எதற்கு என்று கேட்பதில் வியப்பில்லை. சுருக்கம் என்பதே ஒரு துண்டுதான். முழுக் கதைக்குள் போனால் வேறு உலகம் தெரிகிறது. சில பக்கங்களே கொண்ட அந்தக் கதை, ஊரைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டியைப் போன்ற ஒரு குரலில் தொடங்குகிறது. படிப்பவரைக் கையைப் பிடித்துச் சந்துக்குள் கூட்டிப்போகும் குரல் அது. தலைப்போ சொர்க்கத்தின் பெயர். வாசகர் எதிர்பார்த்துப் பதறும் அந்தச் செயலை எழுத்தாளர் காட்டவேயில்லை. இருவரும் இருளுக்குள் போகிறார்கள், அடுத்து நம் முன் வந்து நிற்பது கூலிக் கணக்கு. எதைக் காட்டாமல் விட்டார், ஏன் விட்டார் என்று ஒரு மாணவி கேட்கத் தொடங்கினால் பாதிக் கதை திறந்துவிடும். கடைசியில் அந்தக் குரல் அம்மாளுவை விட்டுவிட்டு நம் பக்கம் திரும்புகிறது. கற்பைப் பற்றி ஓயாமல் பேசும் நம்மைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு முடிகிறது. விபத்தில் அடிபட்ட தொழிலாளியின் வீட்டில் அடுத்த வேளைக் கஞ்சிக்குக் காசு இல்லாத நிலை யாரால் வந்தது என்பதே கதையின் கேள்வி. இதைப் படித்த மாணவர் ஒழுக்கம் கெடுவார் என்பவர்கள், கதையின் முதல் பாதியோடு புத்தகத்தை மூடியவர்களாகத்தான் இருக்க முடியும்.

இந்தக் கதையும் இலங்கைத் தேயிலைத் தோட்டக் கூலிகளின் வாழ்வைச் சொல்லும் 'துன்பக்கேணி'யும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பாடத்திலிருந்து ஒரு பத்தாண்டுக்கு முன் நீக்கப்பட்டன. அப்போது சொல்லப்பட்ட காரணம் ஒழுக்கம் அல்ல. தலித் மக்களை இக்கதைகள் இழிவாகச் சித்திரிக்கின்றன என்பது. ஒழுக்கக் காவலர்களின் புகாரைவிட இது கனமானது, மதிப்போடு பதில் சொல்ல வேண்டியது. ஒடுக்கப்பட்டவர்களின் துயரத்தை மேல்தட்டில் பிறந்த ஒருவர் எழுதும்போது, அவர் கண்ணில் படுவது எது, படாமல் போவது எது? அந்த மனிதர்கள் துன்பப்படுபவர்களாக மட்டும் வந்துபோகிறார்களா, தமக்கென்று மொழியும் கோபமும் சிரிப்பும் உடையவர்களாக வருகிறார்களா? இந்தக் கேள்விகளில் நியாயம் இருக்கிறது. ஆனால் இவை கதையைப் படித்ததால் எழுந்த கேள்விகள். இன்னொரு விதமாகச் சொன்னால், அந்தப் புகாரே ஒரு வாசிப்பு, அதுவும் நல்ல வாசிப்பு. அதை வகுப்பறைக்குள் கொண்டுவந்து 'துன்பக்கேணி'யின் பக்கத்தில் பாமாவின் 'சங்கதி'யை வைத்தால், ஒரே வகை வாழ்வை வெளியிலிருந்து பார்த்த கண்ணும் உள்ளிருந்து பேசும் வாயும் எப்படி மாறுபடுகின்றன என்பதை மாணவர்கள் தாங்களே கண்டுகொள்வார்கள். கதையை நீக்கியபோது அந்தப் புகாரை விவாதிக்கும் வாய்ப்பும் சேர்ந்தே நீங்கிவிட்டது. புதுமைப்பித்தனின் பார்வை இழிவானதா என்று இப்போது ஒரு மாணவர் சொந்தமாக முடிவு செய்ய முடியாது. யாரோ முடிவு செய்து முடித்துவிட்டார்கள்.

பாமாவை வைத்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நம்பவும் இடமில்லை. 2021 ஆகஸ்டில் தில்லிப் பல்கலைக்கழகத்தின் ஆங்கில இளங்கலைப் பாடத்திலிருந்து மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' கதையோடு பாமாவும் கவிஞர் சுகிர்தராணியும் நீக்கப்பட்டார்கள். கல்விக் குழுவின் உறுப்பினர்கள் 15 பேர் எதிர்ப்பைப் பதிவு செய்தும் பயனில்லை. 'திரௌபதி'யில் சந்தால் பெண் ஒருத்தி காவலில் வன்புணர்வுக்கு உள்ளாகிறாள். மறுநாள் காலை உடுத்த மறுத்து, காயங்களோடு அதிகாரியின் முன்னால் வந்து நிற்கிறாள். அவள் நிற்பதைக் கண்டு அதிகாரிதான் அஞ்சுகிறான். அங்கே இளம் வாசகருக்குக் கிடைப்பது வெறும் வன்முறைக் காட்சியா? அவமானம் யாருக்கு உரியது என்ற கணக்கு அந்த ஒரு காலையில் தலைகீழாகிறது. வெளியிலிருந்து எழுதினால் இழிவு என்று நீக்கவும், உள்ளிருந்து எழுதினால் அதிகம் என்று நீக்கவும் முடியுமானால், ஒடுக்கப்பட்டவரின் துயரம் எந்த வாசல் வழியாக வகுப்புக்குள் வர முடியும்?

துண்டு எப்படி வேலை செய்யும் என்பதற்குத் திருச்செங்கோட்டைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வந்தது. நான்கு ஆண்டுகள் வாசகர்களிடையே அமைதியாகப் புழங்கியது. 2014 இறுதியில் அதிலிருந்து சில பக்கங்கள் மட்டும் நகலெடுக்கப்பட்டுப் பரப்பப்பட்ட பிறகுதான் ஊர் கொதித்தது. குழந்தையில்லாத காளியும் பொன்னாவும் சுற்றத்தின் ஏச்சில் எப்படி நாள்தோறும் வதைபடுகிறார்கள் என்ற நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள் அந்த நகல்களில் இல்லை. 2015 ஜனவரியில் எழுத்தாளர் தன்னை இறந்தவராக அறிவித்துக்கொள்ளும் நிலை வந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் நாவலின் பக்கம் நின்றது. அந்த நீதிபதிகள் நாவலை முழுதாக எடுத்துக்கொண்டு பேசினார்கள் என்பதைத் தீர்ப்பைப் படித்தவர்கள் அறிவார்கள். அமெரிக்காவிலும் இதுவே நடந்தது. யூத இனப்படுகொலையைச் சித்திரக் கதையாகச் சொன்ன ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மவுஸ்' 1992இல் புலிட்சர் பரிசு பெற்ற நூல். டென்னசி மாநிலத்தின் ஒரு மாவட்டப் பள்ளி வாரியம் 2022 ஜனவரியில் அதை எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து எடுத்தது. சில வசைச் சொற்களும் ஒரு சிறிய நிர்வாணப் படமும் காரணம். அந்தப் படத்தில் இருப்பவர் ஆசிரியரின் தாய். வதை முகாமிலிருந்து பிழைத்து வந்து, பல ஆண்டுகளுக்குப் பின் குளியல்தொட்டியில் தன்னை மாய்த்துக்கொண்டவர். கதையோடு பார்த்தால் அந்தக் கட்டம் ஒரு மகனின் ஆறாத காயம். கத்தரித்துப் பார்த்தவர்களுக்கு அது ஆடையில்லாத உடம்பாக மட்டுமே தெரிந்தது.

தொலைக்காட்சிக்கும் இணையத் தொடர்களுக்கும் வந்தால் துண்டின் ஆட்சி இன்னும் கொடியது. இன்றைய மாணவர் ஒரு தொடரை முதலில் சந்திப்பது அரை நிமிட வெட்டுக் காட்சியாக, பின்னணி இசையோடு, கைப்பேசியில். 2008 முதல் 2013 வரை ஓடிய 'பிரேக்கிங் பேட்' தொடரின் வால்டர் ஒயிட் உலகெங்கும் இளைஞர்களுக்கு அப்படித்தான் அறிமுகமாகிறான்: கறுப்புத் தொப்பி, அச்சுறுத்தும் வசனம், வெற்றி. புற்றுநோய் வந்த வேதியியல் ஆசிரியர் ஒருவர் குடும்பத்துக்காகப் போதைப்பொருள் காய்ச்சத் தொடங்கும் கதை அது. அந்தக் 'குடும்பத்துக்காக' என்ற சொல்லைத்தான் தொடர் ஐந்து பருவங்களாகச் சோதிக்கிறது. கடைசி அத்தியாயத்தில், எல்லாம் தனக்காகவே செய்ததாக மனைவியிடம் அவனே ஒப்புக்கொள்கிறான். ஆனால் கதையை அவன் தோள்மேல் உட்கார்ந்தே பார்த்துப் பழகிய ரசிகர் கூட்டம், அவனைத் தடுக்க முயன்ற மனைவி ஸ்கைலரை வெறுத்தது. அந்த வெறுப்பு அவளாக நடித்த அன்னா கன் மீதே பாய்ந்தது. அதைப் பற்றி அவர் 2013இல் 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் வேதனையோடு எழுத நேர்ந்தது. இருண்ட கதை தவறாகப் போய்ச் சேரும் என்பதற்கு இதுவே சான்று என்று எதிர்த்தரப்பு சொல்லலாம். சான்றுதான், ஆனால் எதற்குச் சான்று? பார்த்தவர்களில் பலர் வயது வந்தவர்கள். கேமரா யாரோடு நிற்கிறதோ அவரோடு நாமும் நின்றுவிடுவோம், அப்படி நிற்பதாலேயே அவர் நியாயவாதி ஆகிவிட மாட்டார் என்ற எளிய பாடத்தை அவர்களுக்கு எந்தப் பள்ளியும் சொல்லித் தரவில்லை. காட்டுவது வேறு, ஒப்புவது வேறு என்ற பயிற்சி பதினைந்து வயதில் கிடைக்காதவருக்கு நாற்பது வயதில் தானாக வந்துவிடாது.

எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் தற்கொலையைப் பற்றியது. அதைத் தட்டிக்கழிப்பவர் நேர்மையாக விவாதிக்கவில்லை என்றே பொருள். 2017 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட '13 ரீசன்ஸ் வொய்' தொடரில், உயிரை மாய்த்துக்கொண்ட பள்ளி மாணவி ஒருத்தி ஒலிநாடாக்கள் வழியாகப் பேசுகிறாள். தொடர் வந்த அடுத்த மாதம் அமெரிக்காவில் 10 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களின் தற்கொலை விகிதம் 28.9 விழுக்காடு கூடியதாக 2019இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. தொடர்தான் காரணம் என்று தங்களால் நிறுவ முடியாது என அந்த ஆய்வாளர்களே சொன்னார்கள். அதே தரவுகளை மறுபடி ஆராய்ந்தவர்கள் அந்த முடிவோடு முரண்பட்டார்கள். கணக்கு எப்படி இருந்தாலும், 2019 ஜூலையில் தற்கொலைக் காட்சியை நிறுவனம் வெட்டியது சரியான முடிவு. வழிமுறையை விவரமாகக் காட்டும் எதையும், மனம் தளர்ந்த ஒரு பிள்ளையின் முன் வைக்கக் கூடாது. இதில் எனக்குத் துளியும் தயக்கமில்லை. ஆனால் அந்தத் தொடரின் பெரிய கோளாறு அந்தக் காட்சியோடு முடியவில்லை, அதை வெட்டியதால் தீரவும் இல்லை. இறந்தபிறகுதான் அந்தப் பெண்ணின் சொல்லை எல்லோரும் கேட்கிறார்கள். குற்றம் செய்தவர்கள் நடுங்குகிறார்கள், அன்பு வைத்தவன் அழுகிறான். சாவு ஒரு பேச்சாகவும் பழிவாங்கலாகவும் பலிப்பதுபோல் முழுத் தொடரும் கட்டப்பட்டிருக்கிறது. உண்மையில் இறந்தவர் எதையும் கேட்பதுமில்லை, எதையும் பார்ப்பதுமில்லை. இந்தப் பொய்யைக் கண்டுபிடிக்கக் கத்தரிக்கோல் உதவாது. கதை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்கத் தெரிந்த கண் வேண்டும். 2010இல் வியன்னாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் எழுதிய ஒரு கட்டுரையும் இங்கே துணைக்கு வருகிறது. நெருக்கடியில் சிக்கியவர் சாவைத் தேர்ந்தெடுக்காமல் மீண்டு வந்ததைச் சொல்லும் செய்திகள் காப்பாற்றவும் கூடும் என்று அது கண்டது. மொசார்ட்டின் இசை நாடகத்தில் சாகத் துணிந்து, மூன்று சிறுவர்களால் மனம் திரும்பும் பாபகேனோவின் பெயரையே அந்த விளைவுக்குச் சூட்டினார்கள். ஒரே பொருள் ஒருவிதமாகச் சொன்னால் தள்ளிவிடுகிறது, வேறுவிதமாகச் சொன்னால் தாங்கிப் பிடிக்கிறது. அப்படியானால் தடை செய்ய வேண்டியது பொருளையா?

குழந்தைகள்மீதான பாலியல் கொடுமையை எடுத்துக்கொண்டால் மௌனத்தின் விலை இன்னும் நேராகத் தெரியும். இத்தகைய வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் மிகப் பெரும்பாலும் குழந்தைக்குத் தெரிந்தவர்தான் என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. 2022இல் வந்த தமிழ்த் தொடர் 'சுழல்' இந்த உண்மையைத் தன் அமைப்பாகவே ஆக்கிக்கொண்டது. மயானக் கொள்ளைத் திருவிழாவின்போது ஒரு பெண் காணாமல் போகிறாள். நம் சந்தேகம் ஊரில் ஒருவர்மேல் ஒருவராகத் தாவி, இறுதியில் வீட்டுக்குள் வந்து நிற்கிறது. ஏன் அங்கே கடைசியாகத்தான் தேடினோம் என்று மேல்வகுப்பு மாணவர்களிடம் ஓர் ஆசிரியர் கேட்டால், அது தொடரைப் பற்றிய கேள்வியாக மட்டும் நின்றுவிடாது.

தடை கேட்பவர்களுக்கு நேரெதிரே இன்னொரு தரப்பு நிற்கிறது. இருண்ட கதையை மருந்தாகப் புகட்டச் சொல்பவர்கள் அவர்கள். 2025 மார்ச்சில் வெளிவந்த பிரிட்டன் தொடர் 'அடோலசன்ஸ்', உடன் படித்த பெண்ணைக் கொன்றதாக 13 வயதுச் சிறுவன் கைதாவதைச் சொல்கிறது. நான்கு அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் வெட்டே இல்லாத ஒரே ஓட்டமாக எடுக்கப்பட்டது. பிரதமர் கீர் ஸ்டார்மர் ஆதரிக்க, அந்நாட்டு மேல்நிலைப் பள்ளிகள் அனைத்துக்கும் அது இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. தடையைவிட இது ஆயிரம் மடங்கு மேல். ஆனாலும் அதை எச்சரிக்கைப் படமாக மட்டும் காட்டி, இணையத்தில் பெண் வெறுப்புப் பேசுபவர்களை நம்பாதீர்கள் என்ற ஒரு வாக்கியத்தோடு வகுப்பை முடித்தால், அதுவும் துண்டாக்குவதுதான். இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு பெண் காவல் அதிகாரி, எல்லோரும் கொன்றவனையே நினைவில் வைத்திருப்பார்கள், கொல்லப்பட்ட கேட்டியை மறந்துவிடுவார்கள் என்ற பொருள்படப் பேசுகிறார். அந்தத் தொடரே அதைத்தானே செய்கிறது? இறந்தவளின் வீட்டுக்குள் கேமரா ஒருமுறைகூடப் போகவில்லையே? இது குறையா, தெரிந்தே வைத்த குற்றச்சாட்டா? பதினாறு வயது மாணவர் வாதாடத் தகுந்த கேள்வி இது. நம் தேர்வுத் தாள்களில் வரும் 'கதை உணர்த்தும் கருத்து யாது' என்ற கேள்வியால் இந்த இடத்துக்கு வந்து சேரவே முடியாது. மூன்று வரியில் நீதி எழுதி மதிப்பெண் வாங்கிய பிள்ளை, நீதி சொல்லாமல் முடியும் கதையைப் பார்த்தால் திகைக்கும். அல்லது அதற்கும் ஒரு நீதியைத் தைத்துவிடும். 

ஆசிரியர்கள் இதற்குத் தயாராக இல்லை, நாற்பது ஐம்பது பேர் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளையின் சொந்தக் காயம் திறந்துவிட்டால் யார் பார்ப்பது என்று சிலர் கேட்கிறார்கள். சரியான கேள்வி. பாடத்தை முன்கூட்டியே சொல்லிவைப்பது, விரும்பாதவருக்கு வேறு பனுவல் கொடுப்பது, யாரையும் தன் வாழ்வைச் சொல்லும்படி வற்புறுத்தாமல் பேச்சைக் கதைமாந்தர் மீதே நிறுத்துவது, தனியே வந்து பேச ஒரு ஆசிரியர் இருப்பது, இவ்வளவும் வேண்டும். ஆறாம் வகுப்புக்கும் கல்லூரிக்கும் ஒரே கதை ஆகாது என்பதும் உண்மை. ஆனால் இவை எல்லாம் எப்படிக் கற்பிப்பது என்பதற்கான நிபந்தனைகள். கற்பிக்கவே வேண்டாம் என்பதற்கு இவற்றில் எதுவும் காரணமாகாது. அந்தக் காயம் பாடம் நடத்தாவிட்டாலும் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது. தனக்கு நடந்ததற்கு ஒரு பெயர் உண்டு, அதை வேறொருவர் எழுதியிருக்கிறார் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவே வேண்டாமா?

பாடத்திட்டக் குழுக்களில் இருக்கும் பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு கதையைப் பற்றிப் புகார் வந்தால், புகாரோடு இணைத்து அனுப்பப்பட்ட பக்கங்களை ஒதுக்கிவைத்துவிட்டு, கதையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை குழுவாக உட்கார்ந்து படியுங்கள். 'பொன்னகர'த்துக்கு அரை மணி நேரம் போதும். படித்த பிறகு அதையும் 'துன்பக்கேணி'யையும் பாமாவின் 'சங்கதி'யோடு சேர்த்து மாணவர்களிடம் திருப்பிக் கொடுங்கள்.